லாரி வராத வீடு: காஞ்சிபுரத்து செப்டிக் டேங்க் கதை

சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க இந்த எபிசோடை மட்டும் ஒரு அரை மணி நேரம் கழிச்சுக் கேளுங்க. இன்னைக்குப் பேசப்போறது மலத்தைப் பத்தி. இன்னும் கொஞ்சம் நாகரிகமான வார்த்தை வேணும்னா அரசாங்க ஆவணங்களில் "மலக்கசடு"ன்னு ஒண்ணு இருக்கு. விஷயம் ஒண்ணுதான்.

என் தாய்மாமா காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்றவர். வீடு ஓரிக்கைப் பக்கம். முன் அறையில் குழித்தறி. குழித்தறி பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன்: தரையில் ஒரு குழி வெட்டியிருப்பாங்க. நெய்யறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதியை மிதிப்பார். அதாவது ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் அவர் கால் தரைமட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். மழைக்காலத்தில் இந்தக் குழியில் தண்ணி ஊறும். நெசவாளர் வீடுகளுக்கு இது புதுசு இல்ல. ஐப்பசி, கார்த்திகையில் தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

போன கார்த்திகையில் நான் போயிருந்தப்போ குழியில் ஒரு சாண் தண்ணி. மாமா வாளியில் மொண்டு வெளியே ஊத்திக்கிட்டிருந்தார். எனக்கு ஒரு வாடை அடிச்சது. "மாமா, இது மழைத்தண்ணி மாதிரி இல்லையே"ன்னேன். "ஊத்துத் தண்ணிடா. மண்ணு வாடை"ன்னார். அத்தை சமையலறையிலிருந்தே, "மூணு வருஷமா இதையேதான் சொல்றார்"னு குரல் கொடுத்தாங்க.

வீட்டுக்குப் பின்னாடி செப்டிக் டேங்க். தறிக்குழியிலிருந்து காலால் அளந்து பார்த்தேன், இருபத்தெட்டு அடி. டேங்க்னு நாம சொல்றோம். உண்மையில் அது சிமெண்ட் உறை. கிணத்துக்கு இறக்குற மாதிரியே ஆறு உறையை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கி, மேலே ஒரு மூடி. அடியில் தளம் கிடையாது, மண்தான். கட்டி 19 வருஷம் ஆச்சு. மாமாவுக்கு அதில் ஒரு பெருமை வேற: "இதுவரைக்கும் ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல. நிரம்பவே இல்லடா."

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். ஒரு சர்வர் 19 வருஷமா ஒரு எரர்கூட பதிவு பண்ணலைன்னா, அது நல்லா ஓடுதுன்னு நாங்க சொல்ல மாட்டோம். எரரைப் பதிவு பண்ற பகுதியே வேலை செய்யலைன்னுதான் சந்தேகப்படுவோம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் 19 வருஷமா டேங்க் நிரம்பலைன்னா, உள்ளே போனது வேற எங்கேயோ போயிருக்கு. எங்கேன்னு அந்தத் தறிக்குழி கொஞ்சம் சொல்லுது. ஓரிக்கை பாலாற்றுப் பக்கம், மணல் கலந்த மண். மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது அந்த உறைக்குழியும் இந்தத் தறிக்குழியும் ஒரே தண்ணியில்தான் நிற்குது.

சரி, செப்டிக் டேங்க்னா என்னன்னு ஒரு தடவை பார்த்துடுவோம். 1895 வாக்கில் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்துப் பொறியாளர் டொனால்ட் கேமரூன் கொடுத்த பேர் இது. அடியும் பக்கமும் தண்ணி புகாத தொட்டி, வழக்கமா ரெண்டு அறை. கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், காற்று இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தின்னும். நடுவில் இருக்கிற கலங்கல் தண்ணி வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். அந்தத் தண்ணியும் சுத்தம் கிடையாது, கிருமி அப்படியே இருக்கும். அடியில் படிஞ்ச கசடு தானா மறையாது. ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தே ஆகணும். எடுக்கலைன்னா தொட்டியில் இடம் குறையும், எதுவும் படியாமலே நேரா வெளியே போகும். நிறைய தெருக்களில் அந்த "வெளியே"ங்கறது மழைநீர் வடிகால்.

கிராமத்தில் கட்டுற இரட்டைக் குழிக் கழிப்பறை வேற கணக்கு. அதில் மண் உறிஞ்சணும்ங்கறதுதான் வடிவமைப்பே. ஒரு குழி நிரம்பினா அடுத்ததுக்கு மாத்திட்டு, முதல் குழியை மக்க விடுவாங்க. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிற இடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. மாமா வீட்டு உறைக்குழி அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவில் கொத்தனார் கண்டுபிடிச்ச மூணாவது வகை. தமிழ்நாடு முழுக்க இருக்கிறது பெரும்பாலும் இந்த மூணாவது வகைதான்னு எனக்கு ஒரு பயம்.

காஞ்சிபுரத்தில் பாதாளச் சாக்கடை இல்லையான்னு கேட்பீங்க. பழைய நகராட்சிப் பகுதியில் இருக்கு, திருக்காலிமேட்டில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கு. ஆனா ஊர் அந்தக் குழாய்க்குள்ளேயே நிற்கலையே. 2011-ல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டைன்னு சுத்தி இருந்த ஊர்களைச் சேர்த்தாங்க. 2021-ல் மாநகராட்சி ஆச்சு. பலகை மாறுற வேகத்தில் குழாய் போகாது. குழாய் வர்ற வரைக்கும் அந்த வீடுகளுக்கெல்லாம் டேங்க்தான், டேங்க்குக்கு லாரிதான். ஊருக்கு நடுவே போகிற வேகவதி ஆற்றையும் மஞ்சள் நீர் கால்வாயையும் பார்த்தா, அந்த வழி ஒழுங்கா நடக்கலைன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. சாயக் கழிவு, சாக்கடை, குப்பை எல்லாத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இது சின்ன ஊரும் இல்ல. 2019-ல் அத்திவரதர் வெளியே வந்தப்போ ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாளில் ஒரு கோடிப் பேர் வந்ததா சொன்னாங்க. அத்தனை பேரும் எங்கே சாப்பிட்டாங்கன்னு செய்தி வந்தது, எங்கே தூங்கினாங்கன்னும் வந்தது. மிச்சக் கேள்வியை யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. நானும் அப்போ கேட்கலை. காஞ்சிபுரம் இட்லி எங்கே நல்லா கிடைக்கும்னுதான் கேட்டேன்.

இந்த எபிசோடுக்காக ஒரு லாரிக்காரர்கிட்ட பேசினேன். ஐம்பது வயசு இருக்கும், சொந்த லாரி, ஐயாயிரம் லிட்டர் டேங்க். மாமாதான் யாரையோ பிடிச்சு நம்பர் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு நாள் முன் சீட்டில் உட்கார்ந்து சுத்தினேன். முதல் கேள்வியே, "அண்ணே, எடுத்ததை எங்கே ஊத்துவீங்க?" அவர் சிரிச்சுட்டு, "தம்பி, முதல்ல எடுக்கிற கதையைக் கேளுங்க"ன்னார்.

எடுக்கிற கதை இதுதான். யாரும் முன்கூட்டியே கூப்பிட மாட்டாங்க. கக்கூஸில் தண்ணி இறங்காம ஏறி நிற்கும்போதுதான் போன் வரும், அதுவும் காலைல ஆறு மணிக்கு. போனா மூடி எங்கேன்னு தெரியாது. மேலே டைல்ஸ் போட்டிருப்பாங்க, இல்லைன்னா மாடிப்படி கட்டியிருப்பாங்க. ஒரு வீட்டில் டேங்க் மூடி மேலேயே துளசி மாடம். மூடியைத் தேடி உடைக்கவே ஒரு மணி நேரம் போகும். மழை பெஞ்சா ஒரே நாளில் முப்பது போன் வரும், ஆனா அப்போ எடுத்துப் புண்ணியம் இல்ல. அடி இல்லாத குழியில் பாதி ஊத்துத் தண்ணி. அதை உறிஞ்சிட்டுப் போனா மறுநாள் மறுபடி நிரம்பும். "ஜனங்க நான் ஏமாத்திட்டேன்னு நினைப்பாங்க தம்பி."

அப்புறம்தான் ஊத்துற கதை. அனுமதிச்ச இடத்துக்குப் போய், வரிசையில் நின்னு, ஊத்திட்டு வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப். போற வழியிலேயே ஒரு ஓடையில் திறந்துவிட்டா நாலு டிரிப். வீட்டுக்காரர் கொடுக்கிறது ரெண்டுக்கும் ஒரே காசு. "நான் செய்றதில்ல. செய்றவன் என்னைவிட ஐநூறு ரூபா கம்மியா கேக்குறான். ஜனங்க அவனைத்தான் கூப்பிடுறாங்க." அவர் செய்றதில்லைன்னு நான் நம்பினேனான்னு கேட்டா, நான் உட்கார்ந்திருந்த ரெண்டு நாளும் அவர் செய்யலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சில இடத்தில் விவசாயிகளே லோடு கேட்பாங்கன்னும் சொன்னார். நல்ல உரம்தான், பொய் இல்ல. ஆனா பச்சையா ஊத்தினா குடல்புழு முட்டை மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காயவச்சு, மக்க வச்சு, அப்புறம்தான் வயலுக்குப் போகணும். அதைச் செய்ற இடமும் தூரத்தில் இல்ல. மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் 2017-லேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துடுச்சு. அப்போ அது காஞ்சிபுரம் மாவட்டம், இப்போ செங்கல்பட்டு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 23 ஆயிரம் லிட்டர். லாரி வந்து மணலும் ஜல்லியும் பரப்பின படுகையில் ஊத்தும், தண்ணி கீழே வடியும், மேலே கசடு வெயிலில் காயும். பெரிய இயந்திரம் எதுவும் இல்ல. நம்ம ஊர் வெயில் சும்மா கிடைக்கிறது, அதை உருப்படியாப் பயன்படுத்தின சில இடங்களில் இது ஒண்ணு.

இப்போ சட்டத்துக்கு வருவோம். சட்டமே இல்லைன்னு நினைச்சுத்தான் நான் தேட ஆரம்பிச்சேன். இருக்கு, நிறையவே இருக்கு. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு உள்ளாட்சிகளுக்குச் செப்டேஜ் மேலாண்மை வழிகாட்டுதல் கொடுத்துச்சு. டேங்க் எப்படிக் கட்டணும், எப்போ எடுக்கணும், எப்படிக் கொண்டுபோகணும், எங்கே சுத்திகரிக்கணும், எல்லாம் அதில் வருது. மத்திய அரசின் தேசியக் கொள்கை 2017-ல்தான் வந்துச்சு, நாம மூணு வருஷம் முந்தி. அப்புறம் 2022-ல் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் ஆக்கினாங்க. ரெண்டு வருஷத்துக்கு 2,000 ரூபாய். கண்ட இடத்தில் கொட்டினா முதல் தடவை 25,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 50,000. திரும்பத் திரும்பச் செஞ்சா உரிமம் போகும். வண்டியில் ஜிபிஎஸ் வேணும். 14420-ன்னு ஒரு உதவி எண்ணும் இருக்கு.

ஜிபிஎஸ் பத்தி ஒரு வார்த்தை, இது என் ஏரியா. லாரி எங்கே நின்னதுன்னு ஜிபிஎஸ் சொல்லும். வால்வு திறந்ததான்னு சொல்லாது. பத்து நிமிஷம் டீக்கடையில் நின்னதுக்கும் ஓடைக்கரையில் நின்னதுக்கும் திரையில் ஒரே புள்ளிதான். எந்த வீட்டில் எவ்வளவு எடுத்தாங்க, நிலையத்தில் எவ்வளவு இறங்குச்சுன்னு ரெண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் உட்கார்ந்தாதான் அந்தத் தரவுக்கு அர்த்தம்.

ஆனா என் உண்மையான சிக்கல் அது இல்ல. மேலே சொன்ன அபராதம், உரிமம், ஜிபிஎஸ் எல்லாமே லாரி மேல. மாமா வீட்டுக்கு 19 வருஷமா லாரியே வரலை. அவர் எந்த உரிமத்தையும் மீறலை, ஓடையில் ஒரு சொட்டும் கொட்டலை. தினமும் வீட்டுக்குப் பின்னாடியே கொட்டிக்கிட்டிருக்கார். கொட்டுறோம்னு அவருக்கே தெரியாது. ராத்திரியில் கொட்டுற லாரியைப் பிடிக்கலாம், வீடியோ எடுக்கலாம், செய்தி ஆக்கலாம். லாரியே வராத வீட்டை யார் பிடிப்பாங்க? 2014 வழிகாட்டுதலில் டேங்க் எப்படி இருக்கணும்னு இருக்கத்தான் செய்யுது. மூடியைத் திறந்து பார்க்கத்தான் யாரும் வரலை.

சுலபமான வேலைன்னு சொல்லலை. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஊரில் 20,000 டேங்க்னு வைங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 300 வேலை நாள். ஒரு நாளைக்கு 22 வீடு வரும். வீட்டுக்கு நாலாயிரம் லிட்டர்னா 88 ஆயிரம் லிட்டர். கருங்குழி மாதிரி நாலு நிலையம் வேணும். இன்னைக்கு ஏன் அது தேவைப்படாத மாதிரி தெரியுதுன்னா, பாதிப் பேர் லாரி கூப்பிடறதே இல்ல. எல்லாரும் ஒழுங்கா நடந்தா நம்ம ஏற்பாடு ஒரு வாரத்தில் திணறிடும்.

முறை வச்சு எடுக்கிற ஊர்கள் இருக்கு. மகாராஷ்டிராவில் வாய்னு ஒரு சின்ன ஊர், சதாரா மாவட்டம். அங்கே மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வார்டு வார்டா நகராட்சியே வந்து எடுக்குது. செலவு வரியிலேயே அடங்கிடும், லாரிக்காரருக்கு நகராட்சி காசு கொடுக்கும். நீங்க கூப்பிட வேண்டாம், பேரம் பேச வேண்டாம். லாரிக்காரருக்கும் ஓடையில் விட்டு மிச்சம் பிடிக்கிற ஆசை குறையும், ஏன்னா நிலையத்தில் ஊத்தினாதான் அவருக்குக் காசு. இது போதனை இல்ல, சம்பளம் போடுற இடத்தை மாத்தினது. எனக்கு இந்த விஷயத்தில் பிடிச்சதே அதுதான்.

சரி, மாமா வீடு. மழையில் எடுக்க வேண்டாம், சுத்தி ஈரம் இருக்கும்போது உள்ளே காலி பண்ணினா உறை சரியும்னு லாரிக்காரர் சொல்லிட்டார். தை மாசம் வந்தார். மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, ஹோஸை விட்டாங்க. மேலே இருந்த தண்ணி ஏறுச்சு. அப்புறம் மோட்டார் சத்தம் மாறுச்சு. அடியில் 19 வருஷக் கசடு, களிமண் மாதிரி இறுகிக் கிடக்கு. தண்ணி பீய்ச்சிப் பார்த்தாங்க, கொஞ்சம்தான் இளகுச்சு. அப்போ கூட வந்த பையன், என்னைவிடச் சின்னவன், ரொம்பச் சாதாரணமாச் சொன்னான்: "ஐநூறு ரூபா கொடுங்கண்ணே. இறங்கிக் கிளறி விட்டுடுறேன்."

2019 மார்ச்சில், இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் செத்தாங்க. ஒருத்தரைக் காப்பாத்த அடுத்தவர், அவரைக் காப்பாத்த அதுக்கு அடுத்தவர். அப்பாவும் ரெண்டு பிள்ளைங்களும் அதில் இருந்தாங்க. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லைன்னு இன்னொரு படி இறங்குறவர் திரும்ப ஏற மாட்டார். 2013-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆளை உள்ளே இறக்கினா முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். இது லாரிக்காரருக்கு மட்டும் இல்ல, இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்குச்சு. தொகை ஏறிக்கிட்டே போகுது. எந்தச் சாதிப் பிள்ளைங்களை இறக்கிவிடுறாங்கங்கறது மட்டும் மாறலை.

அந்தப் பையன் சட்டையைக் கழட்ட ஆரம்பிச்சுட்டான். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மாமா கத்தினார்: "டேய், மேலே வா! ஒண்ணும் வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்." அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பெருமையாச் சொன்ன 19 வருஷம்தான் அந்தக் கசடை இறுக்கினது, அதுதான் அந்தப் பையனை மூடிகிட்ட கொண்டுவந்து நிறுத்தினது. இதை நான் மாமாகிட்ட சொல்லலை. அவருக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

இப்போ பழைய குழியை மூடிட்டு, தளம் போட்டு ரெண்டு அறைத் தொட்டி கட்டணும். கொத்தனார் வந்து பார்த்துட்டு, "பெருசாக் கட்டிடலாம்ங்க, உங்க காலம் முழுக்கத் திறக்கவே வேண்டாம்"னார். அதுதான் நம்ம ஊரில் நல்ல டேங்க்குக்கு இலக்கணம். அளவா இருந்தா போதும்னு அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆச்சு. காசு வேற பிரச்சினை. மாமா கேட்டார்: "கக்கூஸ் கட்ட மானியம் கொடுத்தாங்க. இருக்கிற குழியைச் சரிபண்ண யாருடா கொடுப்பா? தறிக்கூலியில் இதை எப்படிக் கட்டுறது?" கிராமப்புறத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்த நாடுதான் இது. டேங்க்கைத் திறந்து பார்த்து நோட்டீஸ் மட்டும் ஒட்டிட்டுப் போனா, நெசவாளர் வீட்டில் அது இன்னொரு கடனாத்தான் முடியும். சோதனையும் உதவியும் ஒண்ணா வரலைன்னா எல்லாரும் மூடி மேல டைல்ஸ் ஒட்டிடுவாங்க. நானா இருந்தாலும் ஒட்டுவேன்.

பாதிக் காசு நான் போட்டேன், மீதி மாமா புரட்டினார். சித்திரையில் வேலை முடிஞ்சது. தெருவில் இன்னும் மூணு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் லாரி கூப்பிடறதா பேச்சு. அப்படின்னா லாரிக்காரர் குறைச்சு வாங்குவார். புது மூடி மேல டைல்ஸ் போடலை. கட்டின தேதியையும் அடுத்துத் திறக்க வேண்டிய வருஷத்தையும் அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னாடி பெயிண்ட்டில் எழுதி வச்சிருக்காங்க, கேஸ் சிலிண்டர் தேதிக்குப் பக்கத்தில்.

ஓஎம்ஆரில் இருந்து கேட்கிறவங்க, இது ஏதோ ஊர்க்கதைன்னு நினைக்காதீங்க. உங்க அபார்ட்மெண்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற லாரி எங்கே போகுதுன்னு உங்க சங்கத்தில் கேட்டுப் பாருங்க. நான் எங்க பில்டிங்கில் கேட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் பதினேழு பேர் படிச்சாங்க, ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கினார்.

வர்ற கார்த்திகையில் தறிக்குழியில் மறுபடி தண்ணி வரும். வராம இருக்காது. பக்கத்து வீட்டுக் குழிகள் இன்னும் அப்படியேதான் இருக்கு, ஒரு வீட்டு டேங்க்கை மாத்தி எவ்வளவு மாறும்னு தெரியலை. போய் முகர்ந்து பார்த்துட்டு வந்து சொல்றேன்.